கரண்ட் மாமா மாட்டிய மொட்டைமாடி விளக்கு

கரண்ட் மாமாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. விருந்துக்குப் போன வீட்டிலும் முதலில் ஃபியூஸ் பெட்டியைத்தான் நலம் விசாரிப்பார். அந்தக் குடியிருப்பில் அவர் கைபடாத சுவிட்ச் கிடையாது. மின்விசிறி லேசாக முனகினால் போதும், பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். மீதியை மனைவி சுவரிடம்தான் சொல்லி முடிக்க வேண்டும்.

அதனால், எரிகல் மழை பார்க்க மொட்டைமாடிக்கு வாயேன் என்று அவர் கூப்பிட்டதும் மனைவி நிபந்தனை போட்டார்.

"டூல்ஸ் பை கீழயே இருக்கணும். நடுவுல எழுந்தீங்கன்னா நான் இறங்கிடுவேன். அப்புறம் எதுக்கும் கூப்பிடாதீங்க."

"சத்தியமா எழுந்திரிக்க மாட்டேன்."

பாய் விரித்துப் படுத்தார்கள். கூடவே மனைவியின் தம்பியும் எதிர்வீட்டு டீச்சரும். நால்வருக்கும் இதுதான் முதல் தடவை.

கண் இருட்டுக்குப் பழகிய நேரத்தில் வானத்தில் ஒரு கீற்று.

"அதோ!" என்று தம்பி கையை நீட்டினார்.

பளீரென்று மாடி முழுக்க வெளிச்சம். ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு; பாய் விரித்தபோது எரிந்து, எல்லோரும் படுத்ததும் அணைந்திருந்தது. போன மாதம் மாமாவே மாட்டியது. யாரும் அணைத்துவிடக் கூடாதென்று அதற்குச் சுவிட்சே வைக்கவில்லை. மெயினை அணைத்தால் லிஃப்ட் நின்றுவிடும்.

"மாமா, எந்தப் புண்ணியவான் இதை மாட்டினது?" என்றார் தம்பி.

விளக்கு அணையும்வரை மரக்கட்டையாகக் கிடந்தார்கள். டீச்சர் தும்மினார். மறுபடி பளீர்.

"ஏங்க, நான் இன்னும் ஒண்ணுகூடப் பாக்கலை," என்றார் மனைவி.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, மாடியில் கிடந்த நாற்காலியில் ஏறி, சுவர் விளக்கின் சென்சாரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"சத்தியம் போச்சு! அக்கா, நீ கிளம்பு."

"நான் எதையும் ரிப்பேர் பண்ணலைடா. சும்மா நிக்கிறேன்."

சற்றுப் பொறுத்து இருள் கவிந்தது. முதுகுக்குப் பின்னால் ஆ, ஊ என்று ஒரே கூச்சல். மாமாவின் மூக்குக்கு எதிரே வெறும் சுவர்.

"எப்படி இருக்கு?" என்று அந்தச் சுவரையே கேட்டார்.

பாய் சரசரத்தது. மனைவி இறங்கிப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிரீச்சிட்டது. ஏறி நின்ற மனைவியின் கையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்.

"டூல்ஸ் வேணாம்னு நீதானே சொன்னே?"

"உங்களுக்குத்தான் வேணாம்னேன். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? கையை எடுங்க."

கோணல்மாணலாக ஒட்டினார். அதைச் சரிசெய்ய மாமாவின் விரல்கள் பரபரத்தன. கையைக் கட்டிக்கொண்டு போய்ப் படுத்தார்.

"ஒரு ஓரம் பிரிஞ்சிருக்கு..."

"பேசாம மேல பாருங்க."

பார்த்தார். எரிகல் ஒன்று சாவகாசமாகப் பாதி வானத்தைக் கடந்து போனது. தம்பி கைதட்டினார், விளக்கு எரியவில்லை.