வாசலில் வாசித்த வரி

என் மகள் வேலைக்குப் போன ஹவாய்த் தீவிலேயே அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தை எங்கள் ஊரான பரளச்சியில் இருந்தபடி நாங்கள் போனில்தான் பார்த்தோம். மாப்பிள்ளையின் அம்மா போனுக்கு முன்னால் வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க" என்று தமிழில் சொன்னார். மகளிடம் கேட்டுப் பழகி வைத்திருக்கிறார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். போனை வீட்டுக்காரர் பக்கம் திருப்பிவிட்டேன்.

எங்கள் பக்கம் 'வாங்க' என்பதை வீட்டுக்காரி முகம் பார்த்துத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்று பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போனவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அதனால் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும், அவர் பாஷையிலேயே அவரைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மகள் ஹவாய்ப் பாஷையில் ஒரு சின்னப் பிள்ளைப் படப் புத்தகம் அனுப்பினாள். நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். ஏபிசிடி மறக்கவில்லை. அந்தப் பாஷைக்கு அதில் பாதி எழுத்துகூட வேண்டாம், எழுதியிருக்கிறபடியே வாசிக்கலாம் என்றாள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் வாசித்து அனுப்புவாள். அவள் குரல் போகப் போக நான் எழுத்துக்குக் கீழே விரலை நகர்த்துவேன். கடலுக்கு அவர்கள் 'கை' என்கிறார்கள், தண்ணீருக்கு 'வாய்'. எங்கள் கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நான் பக்கம் பக்கமாகக் கடலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரெட்டியபட்டிக்குப் போகிற ஷேர் ஆட்டோவிலும் மடியில் விரித்து வைத்துக்கொள்வேன். "என்ன மதினி, கலெக்டர் பரிச்சைக்கா?" என்று கூட வரும் பெண்கள் கேலி செய்வார்கள். போகப் போக, மகள் குரலுக்கு முன்னால் என் விரல் ஓட ஆரம்பித்தது. படத்தை மறைத்துக்கொண்டாலும் கதை புரிந்தது. ஆனால் எல்லாம் மனசுக்குள்தான். மகள் வாசிக்கச் சொன்னால் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

வந்தார்கள். கார் சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் உள்ளே வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மா மட்டும் வாசலில் வெயிலிலேயே நின்றார். வீட்டுக்காரர் "வாங்க வாங்க" என்கிறார், பக்கத்து வீட்டுக்காரிகளும் கூப்பிடுகிறார்கள். அவர் சிரிக்கிறார், படி ஏறவில்லை. மகள் என் காதில் சொன்னாள்: "அவுக ஊருலயும் வீட்டுப் பொம்பள கூப்பிடணும்மா. ஒனக்காகத்தான் நிக்கிறாக."

நான் வாயைத் திறந்தேன். அத்தனை நாள் படித்ததில் ஒரு எழுத்துகூட வரவில்லை. ஒரு தடவைகூடக் காற்றில் விட்டுப் பார்க்காத வார்த்தை எப்படி வரும்? கை தானாக முந்தானைக்குப் போனது. மறுபடியும் அதே சிரிப்பா என்று நினைத்ததும் கையை இறக்கினேன். விறுவிறு என்று உள்ளே போய், அலமாரியில் இருந்த புத்தகத்தை எடுத்து வந்தேன். கதவு திறந்திருக்கிற வீட்டின் படம் போட்ட பக்கத்தை விரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்தேன். எழுத்தைப் பார்த்ததும் குரல் வந்தது.

"ஏ கோமோ மாய்."

அதற்கு 'உள்ளே வாங்க' என்று அர்த்தம். முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, விரல் இல்லாமல் இன்னொரு தரம் சொன்னேன். அவர் படி ஏறி வந்து, அவர்கள் ஊர் வழக்கப்படி என் நெற்றியோடு நெற்றி வைத்தார்.

"இம்புட்டு வருசமா எங்கிட்டப் பேசாததை எல்லாம் அந்தப் பாசையில சேத்து வச்சிருந்தா போல" என்றார் வீட்டுக்காரர். தெரு சிரித்தது.

நான் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சம்பந்தியம்மா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார். ஒரு வரியை அவர் வாசித்தார். அடுத்த வரிக்குக் கீழே என் விரலைப் பிடித்து வைத்தார். அதைச் சத்தமாகத்தான் வாசித்தேன்.