சாம்பிராணி பட்ட கை

கொசு கடித்து வரும் மூளைக்காய்ச்சலில் என் நான்கு வயது மகன் மூன்றே நாளில் போய்விட்டான். அடுத்த வருடம் வேடசந்தூர் சாலையில் அந்தக் காய்ச்சலுக்கு மருந்து சோதிக்கத் தகரக் கொட்டகை போட்டார்கள். அங்கே சுண்டெலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். "எலிக்கு ஆயா வேலையா?" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும், அவள் வீட்டில் பிள்ளை இருந்தது.

அங்கிருந்த டாக்டர், தாய் எலிக்குத் தடுப்பூசி போடுவார். அது ஈன்ற குட்டிகளுக்கு மூன்றாம் நாள் நோய்க்கிருமியை ஏற்றுவார். பாலில் மருந்து இறங்கியிருந்தால் குட்டிகள் பிழைக்கும். எனக்கு ஒரே கட்டளைதான்: பூ, மஞ்சள், சோப்பு எதுவும் கூடாது. குட்டிமேல் வேற்று வாசம் பட்டால் தாயே தின்றுவிடும். மல்லிகை விளைகிற ஊரில் பூ வைக்காத தலையோடு திரிந்தேன்.

எந்தக் குட்டியும் கிருமி ஏற்றிய பிறகு நான்கு நாள் தாண்டியதில்லை. ஐப்பசியில் ஒரு கூண்டில் மட்டும் ஏழு குட்டிகளும் ஐந்தாம் நாளும் பால் குடித்தன.

"இன்னும் ஒரு வாரம் தாங்கிட்டாப் போதும்மா. அடுத்து குரங்கு, அப்புறம் பிள்ளைங்க" என்றார் டாக்டர். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் என் மகன் இறந்த நாள். சின்னப் பிள்ளைகளுக்குத் திதி கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. வீட்டுக்காரர் அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அவர் வயலுக்குப் போனதும் சாம்பிராணி போட்டு, அவன் சட்டையைப் புகையில் பிடித்துக்கொண்டு அழுதேன். வெறும் தண்ணீரில் கை கழுவிவிட்டு வேலைக்கு ஓடினேன். கூண்டில் உமி மாற்றும்போது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துவைத்தேன். சட்டை நினைப்பில் கட்டளை மறந்தே போயிற்று.

அடுத்த நாள் காலையில் கூண்டில் தாய் மட்டும் இருந்தது.

"கையில ஏதாச்சும் வாசம் இருந்துச்சாம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

வேலை போய்விடுமே என்ற பயமில்லை. அவனுக்கென்று நான் செய்தது அந்தச் சாம்பிராணிப் புகை ஒன்றுதான். அதைக் குற்றமென்று சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப காய்ச்சல்லதான் செத்திருக்கு. செத்ததைத் தாய் தின்னுருக்கு" என்று சொல்லி, மருந்து பலிக்கவில்லை என எழுதினார். அந்த மாதமே கொட்டகையைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள்.

அடுத்த ஐப்பசியில் எதிர்வீட்டுப் பெண்குழந்தை அதே காய்ச்சலில் போனது. துக்கம் கேட்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "உனக்குத்தேன்டி என் வேதனை தெரியும்" என்று அழுதாள்.

கையை இழுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.