கைச்சங்கிலி

கேஷ் செக்ஷனில் சேர்ந்த அன்றே மேனேஜர் என்னிடம் ஒரு சங்கிலியைக் கொடுத்தார். "பேங்க்ல பணத்தை வாங்கின உடனே பையையும் கையையும் சேர்த்துப் பூட்டிடணும்" என்றார். எழுபதுகளில் எங்கள் கம்பெனி வழக்கம் அது. பாரிமுனையிலிருந்து திருவொற்றியூர் ஃபாக்டரி வரை தொழிலாளர் சம்பளமும் என் இடது கையும் ஒன்றாகத்தான் பயணம் போக வேண்டும்.

சாவி, துணைக்கு வரும் பியூன் ஆரோக்கியத்திடம் இருக்கும். ராயபுரத்துக்காரர், வயதில் மூத்தவர். வேன் ராயபுரம் பாலம் ஏறியதும், "கைய நீட்டு நைனா" என்று பூட்டைத் திறந்துவிடுவார்.

"மேனேஜர் திட்டுவாரேண்ணே."

"அவரு கையா மாட்டிக்கினு கீது? எவனாச்சும் வந்தா பையோட போவட்டும். பூட்டிக்கினு இருந்தா கையல்ல வெட்டுவான்?"

ஃபாக்டரி கேட் கண்ணில் பட்டதும் மறுபடி பூட்டுவார். மாதாமாதம் இதே கூத்து. எனக்கோ உள்ளூரச் சிரிப்பு.

ஒரு மத்தியானம் தண்டையார்பேட்டை தாண்டி ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வேன் நின்றதும் இரண்டு பேர் கதவைத் திறந்தார்கள். முகத்தில் துண்டு. ஒருவன் கையில் மீன் வெட்டும் கத்தி. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக இடது மணிக்கட்டைப் பார்த்தான். நான் பயத்தில் பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"வுட்டுடு நைனா. கை போனா வருமா?" என்றார் ஆரோக்கியம். குரல் உயரவே இல்லை. விட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் மேனேஜர் ஆரோக்கியத்தின்மேல் பாய்ந்தார். "சங்கிலியை ஏன்யா கழட்டினே? நீயும் கூட்டா?"

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "ஆள் பார்க்காதப்ப எடுத்தா திருட்டு சார். கத்தி காட்டிப் பிடுங்கினா வழிப்பறி. திருட்டுக்குத்தான் பூட்டு. வழிப்பறியில பூட்டு நம்ம ஆளைத்தான் மாட்டிவிடும். இந்தப் பையன் கையோட நிக்கிறான்னா அவராலதான்."

பிடிபட்டது முன்பு எங்களிடம் வேன் ஓட்டிய டிரைவரும் அவன் தோஸ்தும். சங்கிலி விஷயம் அவனுக்குத் தெரியாதா என்ன? ஆரோக்கியத்தின்மேல் குற்றம் இல்லை என்றானது. ஆனால் மேனேஜர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

"கூட்டான்னு கேட்ட எடத்துல இன்னா வேலை நைனா" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் ஆரோக்கியம். தூத்துக்குடியில் இருக்கும் மச்சானிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரை மறுபடி பார்க்கவே இல்லை. ஒருமுறையாவது பார்த்திருக்கலாம் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

பணம் எடுத்துப்போகும் பிள்ளைகளே, போகும் நாளையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். டீக்கடையில் அந்தப் பேச்சு வேண்டாம். கத்தியைக் கண்டால் பையை விடுங்கள். ஆளின் அடையாளத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. பஸ் ராயபுரம் பாலம் ஏறும்போது என் இடது கை இன்னும் தானாக நீள்கிறது. பக்கத்தில் இருப்பவர் நான் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.