பரிசல்காரன் கரையேறினானா?

நன்னிலம் கடைத்தெருவில் நான் பத்திரிகை ஏஜென்டாக இருந்தபோது தினமும் காலையில் ஒரு மிராசுதார் வருவார். காதில் கடுக்கன், கக்கத்தில் குடை. பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். அங்கே வந்துகொண்டிருந்த பரிசல்காரன் படக்கதை, அவன் நடு வெள்ளத்தில் துடுப்புப் போடுவதோடு 'முற்றும்' என்று முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. அவர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"மெட்ராஸ் பதிப்புல வருதுய்யா. நமக்கு அனுப்புற பேப்பர்லதான் எடுத்துடறானுங்க. கேட்டு வாங்குய்யா!"

எத்தனை தரம்தான் சொல்வது? புது ஆட்சி வந்து கூலிப் போராட்டம் சூடேறியிருந்த காலம். அவர் வயலில் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலியை ஏற்றாமல் அரிவாளைத் தொட மாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வரப்போரம் போலீஸ் வேன். இவருக்கோ பரிசல்காரன் கரையேற வேண்டும்!

ஒருநாள், படக்கதை வந்த அதே இடத்தில் அவர் வயல் தகராறே செய்தியாக வந்திருந்தது. இன்றைக்காவது புத்தி வரட்டும் என்று நானே பிரித்துக் கொடுத்தேன். படித்தார். முகம் சிவந்தது.

"இந்தக் கண்றாவியப் போடத்தான் அவன நிறுத்துனானுங்களா?"

கடையோரம் ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த விவசாயச் சங்கத் தலைவர் நிமிர்ந்தார். ஒரு மரக்கால் நெல் கூடுதல் கூலிக்காக மிராசுதாரோடு மல்லுக்கட்டி, தாசில்தார் சமரசம் பேசக் கூப்பிட்டும் இவர் முகத்தைப் பார்க்க மறுத்தவர் அவர்.

"அதானேங்க! அவன் கரையேறினானா இல்லையான்னு ஒரு வார்த்தை போட வேணாமா?" என்றார்.

இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.