நான்காவது பெண் வாய் திறக்கவில்லை

இதைக் கேட்டுவிட்டு யாராவது "உனக்குத் தூக்கம் சரியில்ல" என்று சொன்னால் நான் மறுபேச்சு பேசுவதில்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நடந்தது நடந்ததுதான். அன்று அந்த அரங்கத்தில் இருந்த ஆயிரம் பேரும் இதற்குச் சாட்சி. எதற்குச் சாட்சி என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை எனக்கு. சத்தம் புகாத சின்ன அறைக்குள் நோயாளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். பொத்தானை அழுத்தி மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். நான் எதையும் அனுப்பாதபோதும் சிலர் விரலைத் தூக்குவார்கள். "கேட்டுச்சு மேடம்" என்று சத்தியம் வேறு செய்வார்கள். காது எவ்வளவு பொய் சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே இதைச் சொல்ல இத்தனை நாள் தயங்கினேன்.

வெண்கலம். அந்தப் பாடகியை ரசிகர்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பதினைந்து வயதில் எனக்குப் பிடித்த பைத்தியம் அது. சமைத்தால் அவர் பாட்டு, துணி துவைத்தால் அவர் பாட்டு. "எனக்கு ரெண்டு மாமியார். ஒருத்தங்க உங்க வீட்ல இருக்காங்க, இன்னொருத்தங்க உன் போன்ல இருக்காங்க" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

என் கணவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் என் காதுபடவே பேசினார்கள். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் ஈறு மரத்துக் கிடக்குமே, உடம்பு மொத்தமும் எனக்கு அப்படி இருந்தது. காபியில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று குடித்து முடித்த பிறகும் தெரியாது. வெண்கலத்தின் பாட்டையும் நிறுத்திவிட்டேன். கேட்டு ஒன்றுமே தோன்றாமல் போய்விட்டால்? அந்தப் பயம் மட்டும் இருந்தது.

என் கொழுந்தன் கச்சேரிகளுக்கு மைக், ஸ்பீக்கர் பார்ப்பவன். வெண்கலத்தின் குழுவில் சில வருடங்களாக அவன்தான் சவுண்ட்.

"அண்ணி, மூணாவது வரிசை. ஓசி டிக்கெட். நீங்க வரலைன்னா அண்ணன் கனவுல வந்து என்னைத்தான் உதைப்பான்."

"வரேன் தம்பி."

சரியாக ஏழு மணிக்குத் திரை விலகியது. நடுவில் வெண்கலம். தலை முழுக்க நரை. வலது பக்கம் வாத்தியக்காரர்கள். இடது பக்கம் கோரஸ் பாடும் பெண்கள் மூன்று பேர், ஒரே மாதிரி நீல உடையில். அவர்களுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கிய இடத்தில் நான்காவதாக ஒரு பெண். சாம்பல் நிற உடை. அவளுக்கு மைக் இல்லை.

முதல் பாட்டிலேயே அரங்கம் எழுந்து நின்றது. அந்தக் குரல் கொஞ்சமும் வயதாகாமல் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

இவ்வளவுதான் நான் என்று நினைத்துக்கொண்டேன். ரசிக்க வராததால், வேலைப் பழக்கத்தில் ஒலியைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் உறைத்தது. பாட்டில் மூச்சு இல்லை.

யார் பாடினாலும் வரிக்கு வரி மூச்சு இழுக்க வேண்டும். மைக் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே ஒரு வரி முடிந்து, அடுத்த வரி, அதற்கடுத்த வரி... ஒரு பாட்டு முழுக்க எங்குமே மூச்சு இல்லை.

பதிவு செய்ததை ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அதற்கும் பெரிதாக வலிக்கவில்லை.

அடுத்த பாட்டுக்கு விளக்குகள் மாறின. சிவப்பு ஒளி மேடையைத் துடைத்துக்கொண்டு போனது. நீல உடைக்காரிகள் மூவரும் ஊதா நிறமாகிப் போனார்கள். பின்னால் கறுப்புத் துணிகூடச் சிவந்தது. நான்காவது பெண் மட்டும் அதே சாம்பலில் நின்றாள். பச்சை ஒளி வந்தது. மஞ்சள் வந்தது. அவள் மேல் எதுவும் படவில்லை.

அவள் வாய் மூடியிருந்தது.

மணி எட்டு இருபது. பாட்டின் நடுவில் வெண்கலத்துக்கு இருமல் வந்தது. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, குனிந்து இருமினார்.

குரல் நிற்கவில்லை.

உச்சத்தில் போய் நின்றது. கூட்டம் கைதட்டியது. கோரஸ் பெண்கள் சமாளிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்த மூன்று பேரும் பாடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெண்கலம் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார். திரும்பி எங்களைப் பார்த்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை அழுத்திப் பொத்தினேன்.

வயலின் தூரத்துக்குப் போனது. மேளம் தலையணைக்குள் அடிப்பது போல் ஆனது. கைதட்டல் மங்கியது.

குரல் குறையவில்லை.

ஒரு இம்மிகூட...

இன்னும் அழுத்தினேன். நகம் தோலில் பதிந்தது.

அதே அளவு. அதே தெளிவு.

நிமிர்ந்து பார்த்தேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயிரம் பேரில்... என்னை.

கண் இமைக்கவில்லை.

நானும்தான்.

பயம் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் யாருக்கோ வந்தது போல் இருந்தது. எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்தது. கடைசிப் பாட்டு வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒன்பதே காலுக்குத் திரை மூடியது. கடைசியாகப் பார்த்தபோது கறுப்புத் துணிக்கு முன்னால் யாரும் இல்லை.

வாசலில் கொழுந்தன் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க டாக்ஸி புடிச்சுப் போயிடுங்க அண்ணி. நான் வர முடியாது."

"என்னாச்சு?"

"அப்புறம் சொல்றேன்."

வீட்டுக்குப் போய், அடித்துப் போட்டது போல் தூங்கினேன். எப்படித் தூங்கினேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். தோளில் லேப்டாப் பை. சவரம் செய்யாத முகம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அண்ணி, உங்க காத நம்பித்தான் கேக்குறேன். அன்னிக்குக் கச்சேரியில உங்களுக்குப் பாட்டு கேட்டுச்சா?"

"என்னடா கேள்வி இது? ஊரே கைதட்டுச்சே."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். வெண்கலத்துக்கு இரண்டு வருடம் முன்பு தொண்டையில் ஆபரேஷன். அதன்பின் அவரால் நாலு வரி சேர்ந்தாற்போல் பாட முடியாது. மேடையில் அவர் வாயசைப்பார், அவருடைய மைக் அணைந்தே இருக்கும். பின்னால் இருட்டில் ஒரு பெண் நின்று பாடுவாள். அச்சு அசலாக அதே குரல். அவள் பெயர் எந்த விளம்பரத்திலும் வராது. வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

இரண்டு வருடமாகக் கூட்டம் உருகி உருகிக் கேட்டது அவளைத்தான்.

"சாம்பல் டிரஸ்ஸா?" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தான். "நீங்களும் பாத்தீங்களா?"

"கறுப்புத் துணிகிட்ட நின்னா. பாடவே இல்ல."

"நானும் பாத்தேன். ஆரம்பிக்கிற நேரத்துக்குத்தான் வந்து நின்னுச்சு. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன், பதிலுக்கு ஒண்ணும் காட்டல. மைக்க எடுத்துக்கவும் இல்ல. அந்த மைக்குல சத்தம் வருதான்னு காட்டுற மீட்டர் ஆடல. ஆனா பாட்டு கேக்குது. மீட்டர்தான் மக்கர் பண்ணுதுன்னு விட்டுட்டேன்..."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு ஹாலுக்கு வரவே இல்ல அண்ணி. வர்ற வழியில வேன் கவுந்துருச்சு. ஆறேகாலுக்கே உயிர் போயிருச்சு. அவ தம்பி எனக்குப் போன் பண்ணினப்ப நீங்க என் எதிர்லதான் நின்னீங்க."

லேப்டாப்பைத் திறந்தான். எல்லாக் கச்சேரியையும் அவன் பதிவு செய்து வைப்பான். ஹெட்போனை என்னிடம் கொடுத்தான்.

போட்டுக்கொண்டேன்.

வயலின். மேளம். கோரஸ் பெண்கள் மூன்று பேர். கூட்டத்தில் யாரோ தும்மினார். கைதட்டல்.

பாட்டு இல்லை.

பாட்டு வர வேண்டிய இடமெல்லாம் வெறும் வாத்தியம். தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். எட்டு இருபதுக்கு ஒரு இருமல். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு ஆயிரம் பேர் எழுந்து நின்று தட்டுகிறார்கள்.

ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தேன்.

"வெண்கலம் என்ன சொல்றாங்க?" என்றேன்.

"நேத்துக் கூப்பிட்டாங்க. 'வீட்ல ஏதோ ஸ்பீக்கர் ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கு, எதுன்னு தெரியல, வந்து நிறுத்திட்டுப் போ'ன்னாங்க."

"போனியா?"

"போனேன். ஒரு ரூம் விடாம தேடினேன். அந்த வீட்ல ஸ்பீக்கரே கிடையாது அண்ணி. டிவி கூட இல்ல."

"உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க வீடு ஏழாவது மாடி. நான் கீழ தெருவுல வண்டிய நிறுத்தும்போதே கேட்டுச்சு."