உப்பு வாங்கிய பூதம்

இன்று என் பூதத்தை அவமானப்படுத்திவிட்டார்கள்.

பகடை உருட்டி, கூட்டாகக் கதை வளர்க்கும் விளையாட்டு. நடத்துபவன் நான். ஒரு வாரம் யோசித்துப் பூதத்தை உருவாக்கியிருந்தேன். ஆட்டத்தில் உப்பு வியாபாரியாக வரும் அந்தோணி, அதைக் கண்டும் வாளையே உருவவில்லை.

"ஏம்பா பூதம், உப்பு வேணுமா? மழை வந்தா கெடைக்காது."

"டேய், அது உன்னைத் தின்ன வந்திருக்குது" என்றேன்.

"உப்பில்லாம எப்படிண்ணே தின்னும்?" என்றார் கூட ஆடும் பஷீர்.

ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று எழுந்து வாசலுக்குப் போனேன். தண்ணீர் குடித்தேன். இருவரும் பகடையைத் தொடாமல் காத்திருந்தார்கள்.

திரும்பி வந்து, பூதத்தின் குரலில் கேட்டேன்: "கல்லுப்பா, தூளுப்பா?"

அதன்பின் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனாலும் தப்பு தப்புதான். அடுத்த ஞாயிறு அந்தோணி சண்டை போட வேண்டும். பஷீர் வாயை மூட வேண்டும். நான் கோபத்தில் எழுந்து போனால் யாரும் கூப்பிடக் கூடாது, நானே வருவேன். படிக்கும் நீங்கள், உப்பே சேர்க்காத பூதம் ஒன்றைப் பின்னூட்டத்தில் சொல்ல வேண்டும்.