கொல்லை அறையில் படித்த மெட்ரிக்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற யுத்த பயத்தில் மயிலாப்பூரே காலியானபோது நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் திறந்திருந்தது. நான் பெரியவளாகியிருந்தேன். இனிமேல் வெளியே அனுப்ப வேண்டாம் என்றாள் அம்மா. வீட்டிலிருந்தே படித்துப் பிரைவேட்டாக மெட்ரிக் எழுதட்டும் என்றார் அப்பா. அண்ணாவின் பழைய புத்தகங்கள் எனக்கு வந்தன.

வீட்டிலிருந்தே படிப்பது எத்தனை சுலபம் என்று ஆண்களைத்தான் கேட்க வேண்டும். காபிக்கொட்டை வறுப்பதிலிருந்து தம்பிகளைக் குளிப்பாட்டுவது வரை என் தலையில்தான். புத்தகத்தைப் பிரித்தால் உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள். மாதத்தில் மூன்று நாள் மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். தூரமானால் கொல்லை அறையில்தான் இருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. தீட்டுப்பட்ட புத்தகம் உள்ளே வரக் கூடாதென்று புத்தகங்களும் அங்கேயே தங்கிவிட்டன. மற்ற பெண்கள் அலுத்துக்கொள்ளும் அந்த நாட்களுக்காக நான் தவம் கிடந்தேன். அல்ஜீப்ரா முழுவதும் அங்கே படித்ததுதான்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அதற்குள் என் ஜாதகத்தைப் பலர் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். இந்தத் தடவை எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பரீட்சையன்று காலை அண்ணா என்னை டிராமில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. பல் தேய்க்கக் கிணற்றடிக்குப் போனவளுக்குத் தெரிந்துவிட்டது. பழக்கம்தான், சட்டென்று விலகி நின்று, "அம்மா, நான் தூரம்" என்றேன். சொன்ன பிறகுதான் பரீட்சை ஞாபகம் வந்தது. தவளை தன் வாயால் கெடும்.

அம்மா கொல்லை வாசற்படி வரை வந்து நின்றாள்.

"சொல்லாம இருந்திருந்தா போயிருப்பே. தெரிஞ்சுண்டு எப்படிடீ அனுப்பறது?"

அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று அப்பா உள்ளேயிருந்தே சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. கொல்லை அறைக்குப் போய்ப் பாயை விரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணா, பரீட்சை எழுதிய சிநேகிதனிடம் கேள்வித்தாளை வாங்கி வந்தான். கையில் தரக் கூடாதே, தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். எல்லாம் தெரிந்த கணக்குகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

அடுத்த தடவைக்குள் கல்யாணமாகிவிட்டது. புக்ககத்திலும் கொல்லையில் ஓர் அறை இருந்தது. மூன்று நாளும் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பேன்.